மக்பூல் பாய் கேட்ட நியாயம்

வெற்றிலையை வாயில் போடுவதற்கு முன் மக்பூல் அகமது அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். நடு நரம்பிலிருந்து ஓரம் வரைக்கும் கட்டைவிரலால் ஒரு தடவு. திருப்பி, மறுபக்கமும் ஒரு தடவு. பொத்தல், பூச்சிக்கடி, அழுகல் ஒன்றும் இல்லையென்றால், "பஸ்ட்டு" என்று முணுமுணுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுவார். இருந்தால், "நீ அப்பறமா வா" என்று மடியில் ஒதுக்கி வைப்பார். பொழுது சாய்வதற்குள் அதையும் தின்றுவிடுவார் என்பது வேறு விஷயம்.

ஜவுளிக் கடையிலும் இதே கதைதான். துணியின் நிறத்தைப் பார்க்க மாட்டார். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கசாப்புக் கடைக்குப் போனால் தொங்குகிற கறியை விட்டுவிட்டு, மூலையில் சுருட்டிப் போட்டிருக்கும் தோலை விரித்துப் பார்ப்பார். "முதுகுல கத்திய உட்டுட்டியே. நாலணா போச்சே உனக்கு" என்று கசாப்புக்காரரைக் கடிந்துகொண்டு, வந்த காரியத்தை மறந்து திரும்பிய நாட்களும் உண்டு.

ஆம்பூரில், பாலாற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அப்துல் கரீம் சாகிபின் தோல் ஷாப்பு. அங்கே இருபத்து மூன்று வருஷமாகத் தரம் பிரிக்கிறவர் மக்பூல். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் கிடந்து, நிழலில் உலர்ந்து வருகிற ஆட்டுத்தோல்கள் கடைசியாக அவர் கையில்தான் விழும். அம்மை வடு, உண்ணிக் கடி, கத்திக் காயம், சூடு போட்ட தழும்பு எல்லாவற்றையும் பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று, கழிவு என்று அடுக்க வேண்டும். அந்த அடுக்கின்படிதான் சென்னைப் பெரியமேட்டில் விலை பேசுவார்கள்; சீமைக்குக் கப்பலேறுவதும் அந்த அடுக்குத்தான். ஒல்லியான தேகம், சாயம் போன கைலி, வெள்ளைத் தொப்பி. வலது கட்டைவிரல் மாத்திரம் ஆவாரம்பட்டைக் கறை ஏறி, வேறு யாருடையதோ போல் சிவந்திருக்கும்.

தரம் பிரிப்பதோடு அவர் வேலை முடிந்துவிடாது. காலை ஆறு மணிக்குக் கொட்டகைக் கதவைத் திறப்பது அவர். வியாழக்கிழமை பேரணாம்பட்டுக்குப் போய்ப் பச்சைத்தோல் பார்த்து வாங்குவது அவர். வண்டியோடு ஸ்டேஷனுக்கு நடந்து, கட்டுகள் நனையாமல் ஏறுகின்றனவா என்று நின்று பார்ப்பதும் அவரே. இதெல்லாம் உன் வேலை என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. ஒருநாள் ஆள் வரவில்லை என்று செய்தார், மறுநாளும் செய்தார், பிறகு அது அவர் வேலையாகிவிட்டது. "இருக்கட்டும், நம்ம ஷாப்புதானே" என்பார். அந்த நாளில் சம்பளம் மாதம் இருபத்திரண்டு ரூபாய்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆவணி மாதத்தில் சுப்பராயன் வந்து சேர்ந்தார். சீமையிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. முதல் தரக் கட்டில் இரண்டாம் தரம் கலந்திருக்கிறது, இனிமேல் இப்படி அனுப்பினால் விலையைக் குறைப்போம் என்று எழுதியிருந்தார்களாம். அதன் பேரில் சாகிப் பெரியமேட்டு மண்டி ஒன்றிலிருந்து ஆளை வரவழைத்தார். சுப்பராயனுக்கு முப்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி, காலர் வைத்த சட்டை, அதன்மேல் ஒரு கறுப்புக் கோட்டு. இங்கிலீஷ் கடிதத்தைத் தாமே படித்துவிடுவார். கொட்டகைக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஜன்னலோரமாக ஒரு மேஜையும் ஸ்டூலும் போடச் சொன்னார். இருபது வருஷமாகத் தரையில் குந்தி வேலை செய்த மக்பூல், தோலை மேஜைமேல் விரித்துப் பார்ப்பதை அன்றைக்குத்தான் கண்டார்.

ஆள் நல்லவர். வந்த இரண்டாம் நாளே, "பாய், வெத்தில ஒண்ணு குடுங்களேன்" என்று உரிமையோடு கை நீட்டினார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வார். ஐந்து மணி அடித்தால் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். போய் ஒன்றும் செய்வதில்லை. பாலாற்று மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து பத்திரிகை படிப்பார், அவ்வளவுதான். ஐந்து மணி வரை என்று பேசி வந்தவர், ஐந்து மணிக்குப் போனார்.

புரட்டாசியில் ஒருநாள், தோலைப் புரட்டிக்கொண்டே அவர் கேட்டார்.

"பாய், இங்க பத்து ரூபா வாடகையில நல்ல வீடு கெடைக்குமா? தை மாசம் சம்சாரத்தக் கூட்டினு வரலாம்னு இருக்கேன்."

"பத்து ரூபாயா? அவ்ளோ வாடகை இன்னாத்துக்கு?"

"நாப்பது வருது இல்ல பாய். அம்மாவுக்குப் பதினஞ்சு மணியார்டர் பண்ணிடுவேன். பத்து வாடகைக்குப் போனாலும் மீதியில ரெண்டு பேர் சாப்பிடலாம்."

மக்பூலின் விரல் தோலின்மேல் நின்றுவிட்டது. "பாக்கறேன்" என்றார்.

அதுவரைக்கும் இருபத்திரண்டு ரூபாய் அவருக்குப் போதாமல் இருந்ததே தவிர, குறைவாகத் தோன்றியதில்லை. இப்போது தோன்றியது. அன்று முதல் அவருக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. தாம் பார்த்த தோலை எண்ணுவதோடு, மேஜைமேல் போய்வரும் தோலையும் எண்ண ஆரம்பித்தார். தமக்கு நூற்றுப் பத்து, அங்கே அறுபது. தாம் வியாழக்கிழமை பேரணாம்பட்டு வெயிலில் நடக்கும்போது சுப்பராயன் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. தாம் ஸ்டேஷனில் கட்டோடு நிற்கும்போது, அதோ அந்த மணலில் அவர் பத்திரிகையைப் புரட்டுவது தெரிந்தது. ஆணியில் தொங்கும் கோட்டைக்கூட அவரால் சும்மா பார்க்க முடியவில்லை. ஐந்து மணி அடித்ததும், கோட்டை எடுக்கிற சத்தத்துக்காகக் காது காத்திருந்தது.

வீட்டில் மனைவி நசீமுன்னிசா இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போனாள். அவர்கள் வீட்டுப் பேச்சு உருது. ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் சொன்னாள்: "என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அழுத புள்ளைக்குத்தான் பாலு. சாகிப்கிட்ட போய் எனக்குப் பத்தலன்னு வாயத் தொறந்து கேளுங்க."

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து, மக்பூல் சாகிபின் அறைக்குப் போனார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். இருபது வருஷம், ஐந்து பிள்ளைகள், ஐந்து ரூபாய் கூட்டிக் கொடுத்தால் போதும். மூன்றே வாக்கியம்.

அறையில் சாகிப் தலையணையில் சாய்ந்திருந்தார். மெல்லிய குரல்காரர், யாரையும் அதட்டியதில்லை. "வா மக்பூல், இன்னா விஷயம்?" என்று உருதுவில் கேட்டார்.

மக்பூல் வாயைத் திறந்தார். தயார் செய்து வைத்திருந்த மூன்று வாக்கியமும் எங்கேயோ போய்விட்டன. வெளியே வந்தது வேறு.

"சாகிப், அவருக்கு நாப்பது, எனக்கு இருபத்திரெண்டு. நான் ஒரு நாளைக்கு நூத்திப் பத்து தோலு பாக்கறேன். அவரு அறுவது. ஸ்டூல்ல உக்காந்து பாக்கறாரு. பேரணாம்பட்டுக்குப் போறதில்ல, ஸ்டேஷனுக்கு வர்றதில்ல. அஞ்சு மணி ஆச்சின்னா கோட்ட மாட்டிகினு ஆத்துக்குப் போய்டறாரு."

சொல்லச் சொல்ல அவருக்கே ஒரு சுகம் கண்டது. ஒரு மாதமாக எண்ணி வைத்ததெல்லாம் வரிசையாக வந்தது. ஒன்றை மாத்திரம் அவர் சொல்லவில்லை. சுப்பராயன் பார்த்த அறுபதில் ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. அது அவருக்குத் தெரியும். அது நாக்கு நுனி வரைக்கும் வந்து, திரும்பிப் போய்விட்டது.

சாகிப் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். "நீ சொல்றது நியாயம் மக்பூல். ஒரே வேல செய்யற ரெண்டு பேருக்கு ரெண்டு சம்பளம் கூடாது. ஒண்ணா இருக்கணும். நான் பாத்துக்கறேன்."

மக்பூல் தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தார். நாற்பது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் நசீமுன்னிசா கேட்டபோது சிரித்தார். வருகிற வழியில் அரை வீசை கறி கடனுக்கு வாங்கியிருந்தார். பிரியாணி ஆயிற்று. சந்தோஷத்தில் மனசு விசாலமாகிவிட்டது. சுப்பராயனைப் பற்றி அப்படியெல்லாம் பேசியிருக்க வேண்டாமே என்று லேசாக ஒரு உறுத்தல். அதற்குப் பரிகாரம் போல ஒரு தூக்கு நிறையப் பிரியாணியை எடுத்துக்கொண்டு தாமே அவர் வீட்டுக்குப் போனார். பத்து ரூபாய் வீடு. அவரேதான் தேடிக் கொடுத்தது.

"பாய், எதுக்கு இதெல்லாம்?" என்றார் சுப்பராயன். அவருக்குக் கண் கலங்கியது. "இந்த ஊர்ல எனக்குன்னு ஒருத்தர் சோறு கொண்டாந்து குடுத்தது இதான் மொதல் தடவ."

முதல் தேதி வந்தது. சம்பளம் வாங்கப் போன சுப்பராயன் வெகு நேரம் கழித்துத்தான் கொட்டகைக்குத் திரும்பினார். வந்தவர் ஸ்டூலில் உட்காராமல், மக்பூலுக்கு எதிரே தரையில் குந்தினார்.

"பாய், இந்த மாசத்துலேந்து எனக்கு இருபத்திரெண்டுதானாம்."

மக்பூலுக்கு முதலில் விளங்கவில்லை. கையில் வாங்கிய தமது சம்பளம் மடியில் இருந்தது. அதுவும் இருபத்திரண்டுதான். சாகிப் மறந்துவிட்டார், அடுத்த மாதம் ஞாபகப்படுத்தலாம் என்று அப்போதுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"சீமையில வெல படுத்துடுச்சாம். ஒரே வேலைக்கு ரெண்டு சம்பளம் குடுக்க முடியாதாம். ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் இருக்கணுமாம். வேற எடம் இருந்தா பாத்துக்கோன்றாரு. இந்த மந்தத்துல எங்க பாய் எடம்? பெரியமேட்டுல ஆளத் தள்றாங்க." சுப்பராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது கூடப் பரவால்ல. நான் அறுவது தோலு பாக்கறதும், அஞ்சு மணிக்குக் கோட்ட மாட்டிகினு ஆத்துக்குப் போறதும் அவருக்கு எப்படித் தெரியும்? யாரோ கோள் சொல்லியிருக்காங்க. அந்தக் குமாஸ்தா ரத்தினசாமிதான். அவர்தான் எப்பவும் சாகிப் ரூம் பக்கத்துல உக்காந்திருக்காரு."

மக்பூல் ஒரு தோலை எடுத்தார். புரட்டினார். அதை எந்த அடுக்கில் வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. ரத்தினசாமி இல்லை என்று சொல்ல அது ஒன்றே சமயம். அந்தச் சமயம் போயிற்று.

"இன்னா பாய், நீங்களும் அப்படித்தானே நெனைக்கிறீங்க?"

"தெரியல" என்றார் மக்பூல்.

பிறகு நடந்ததுதான் பெரிய வேதனை. மூன்றாம் நாள் சுப்பராயன் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பாய், நீங்க பெரியவரு. சாகிப்புக்கு உங்க மேல மரியாத உண்டு. எனக்காக ஒரு வார்த்த வந்து சொல்லுங்க. முப்பதாவது குடுக்கட்டும். சம்சாரம் மூட்ட கட்டி வெச்சிட்டிருக்கா." மாட்டேன் என்று சொல்ல என்ன காரணம் காட்டுவது? மக்பூல் கூடப் போனார்.

சாகிப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா, ரெண்டு பேரும் ஜோடியா?" என்று தமிழில் கேட்டார்.

"பாய் எனக்காகப் பேச வந்திருக்காருங்க" என்றார் சுப்பராயன்.

"அப்படியா? பேசு மக்பூல்."

மக்பூல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வேல சுத்தமா செய்யறாரு, சாகிப். இதுவரைக்கும் ஒரு தோலும் திரும்பி வந்ததில்ல. அவர் வேலைக்கு நாப்பது தகும்."

முன்பே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொன்னார். சாகிப் புன்னகை செய்தார். பிறகு குரலை மாற்றாமல், சிரித்த முகத்தோடு, உருதுவில் கேட்டார்.

"போன மாசம் இதே எடத்துல நின்னு நீ சொன்னத இவர்கிட்ட சொல்லட்டுமா?"

சுப்பராயனுக்கு உருது தெரியாது. தமக்காகத்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று, கையைக் கட்டிக்கொண்டு, நம்பிக்கையோடு இருவர் முகத்தையும் பார்த்து நின்றார். மக்பூலின் காதுமடல் இரண்டும் சுட்டன. அவரும் உருதுவிலேயே சொன்னார்:

"வேணாம், சாகிப்."

"சரி. சொல்லல" என்றார் சாகிப், தமிழில்.

வெளியே வந்ததும் சுப்பராயன் கேட்டார். "உருதுல இன்னா பாய் சொன்னாரு?"

"யாவாரம் மந்தம்னு சொன்னாரு."

"நீங்க?"

"புரியுதுன்னேன்."

"பரவால்ல பாய். நீங்க வந்து சொன்னீங்களே, அதுவே போதும்" என்றார் சுப்பராயன்.

சாயங்காலம் சாகிப் மக்பூலைத் தனியாகக் கூப்பிட்டு அனுப்பினார். மெத்தைக்கு அடியிலிருந்து ஓர் ஐந்து ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். "பிள்ளைங்களுக்கு ஏதாவது வாங்கிக் குடு. சம்பளத்துல கூட்டினா எல்லாரும் வந்து நிப்பாங்க. கொட்டகையில யாரு எப்படி வேல செய்யறாங்கன்னு எனக்கு எடுத்துச் சொல்ல உன்ன மாதிரி ஒருத்தரும் இல்ல மக்பூல். அப்பப்போ வந்து சொல்லு."

மக்பூலின் கை நீண்டது, வாங்கிக்கொண்டது. தாம் அதை யோசித்துச் செய்யவில்லை என்று பிற்பாடு தமக்குத்தாமே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். ஆனால் கை அவருடையதுதான்.

அந்த நோட்டை வீட்டில் கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை. தொப்பியின் உள்மடிப்பில் செருகிக்கொண்டார். மூன்று வாரம் அது தலையிலேயே இருந்தது. அதற்குள் சுப்பராயன் பத்து ரூபாய் வீட்டைக் காலி செய்துவிட்டு, ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒண்டு அறைக்குப் போய்விட்டார். வர வேண்டாம் என்று மனைவிக்குக் கடிதம் போட்டார். கொட்டகையில் ரத்தினசாமிக்குக் கோள்காரன் என்று பெயராகிவிட்டது. ரத்தினசாமி அறுபதை நெருங்கியவர். மத்தியானம் எல்லோரோடும் வட்டமாக உட்கார்ந்து சோற்று மூட்டையைப் பிரிக்கிறவர். இப்போது அவர் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருநாள் சுப்பராயனே, "கோள் சொன்ன வாய்க்குச் சோறு எப்படித்தான் எறங்குதோ" என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். ரத்தினசாமி தலையைத் தூக்கினார். அவர் சுப்பராயனைப் பார்க்கவில்லை, மக்பூலைத்தான் பார்த்தார். ஒரு கணம் பார்த்துவிட்டு, மறுபடி சோற்றில் கை வைத்தார். மக்பூல் தம் சோற்று மூட்டையை அப்படியே கட்டிவிட்டு எழுந்து போனார்.

அன்றைக்கு ஐந்து மணி அடித்தபோது, இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவரும் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பினார். சுப்பராயனுக்குப் பின்னால் ஆற்றுக்குப் போனார். மணலில் துண்டை விரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "வாங்க பாய், உக்காருங்க" என்று துண்டில் பாதியை ஒதுக்கினார். மக்பூல் உட்காரவில்லை.

"ரத்தினசாமி இல்ல."

"எது பாய்?"

"சாகிப்கிட்ட சொன்னது ரத்தினசாமி இல்ல. நான்தான்."

சுப்பராயன் பத்திரிகையை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். "எப்போ?"

"ஐப்பசியில. ஒரு ஜும்மா அன்னிக்கி."

"பிரியாணி கொண்டாந்தீங்களே, அதுக்கு முன்னியா, பின்னியா?"

"அன்னிக்கேதான். சொல்லிட்டு வந்துதான் கறி வாங்கினேன்."

ஆற்றில் கொஞ்சமாகத்தான் தண்ணீர் ஓடிற்று. அக்கரையில் யாரோ மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மக்பூல் நின்றபடியே சொன்னார்: "எனக்கு ஜாஸ்தி கேக்கத்தான் போனேன். உங்களுக்குக் கம்மி பண்ணச் சொல்லி நான் கேக்கல."

"தெரியுது பாய். எனக்குப் பத்தலன்னு கேட்டிருந்தா நானே கூட வந்திருப்பேன். என் கோட்டு எதுக்கு அங்க போச்சி?"

மக்பூல் தொப்பியைக் கழற்றி, உள்ளே வியர்வையில் நனைந்து நைந்து போயிருந்த நோட்டை எடுத்து நீட்டினார்.

"இது இன்னா?"

"சாகிப் குடுத்தாரு."

"எதுக்கு?"

"சொன்னதுக்கு."

"அப்போ அது உங்க சம்பாத்தியம். நான் வாங்கக் கூடாது" என்றார் சுப்பராயன். கோபமாகச் சொல்லவில்லை. அதன்பிறகு அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மக்பூல் திரும்பி நடந்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்த நோட்டைச் சாகிப் முன்னால் வைத்தார். "இது எனக்கு வேணாம் சாகிப். அப்பப்போ வந்து சொல்ற அந்த வேலையும் வேணாம்." சாகிப் நோட்டைப் பார்த்தார், மக்பூலைப் பார்த்தார். "வெச்சிட்டுப் போ" என்றார். மத்தியானம் எல்லோரும் சோற்று மூட்டையைப் பிரித்த நேரத்தில் மக்பூல் கொட்டகையின் நடுவில் வந்து நின்று சொன்னார்: "கோள் சொன்னது நான். ரத்தினசாமிமேல தப்பில்ல." அவர் ரத்தினசாமியின் எதிரே போய்க் குந்தி, "மன்னிச்சிடுங்க" என்றார்.

ரத்தினசாமி கையைக் கழுவிக்கொண்டு வந்து நிதானமாகச் சொன்னார்: "மக்பூலு, நீ உள்ள பேசினப்போ நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன். எனக்கு உருது புரியும். அன்னிக்கே தெரியும்."

"அப்போ ஏன் சொல்லல?"

"நான் சொன்னா அதுவும் கோளுதானே. நீயா சொல்லுவேன்னு பாத்தேன். எம்மேல பழி உழுந்ததுலேந்து இருபத்தி ஆறு நாள் ஆச்சி உனக்கு."

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. சாகிப் அதற்குப் பின் தலைக்கு இரண்டு ரூபாய் கூட்டினார். இப்போது இருவருக்கும் இருபத்து நான்கு. சுப்பராயன் அடுத்த வருஷம் மனைவியை அழைத்து வந்தார். ஸ்டேஷனுக்குப் பின்னால், அதே ஒண்டு அறையில்தான் குடித்தனம். மக்பூலோடு பேசுவார். "பாய், இது ரெண்டா, மூணா பாருங்க" என்று தோலை நீட்டுவார். "ரெண்டு" என்பார் இவர். அவர் ஒத்துக்கொள்வார். வெற்றிலை மட்டும் கேட்பதில்லை. நசீமுன்னிசா சம்பளத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேச்செடுத்ததில்லை. பேரணாம்பட்டுக்கு இன்னும் மக்பூல்தான் போகிறார். சுப்பராயன் தாமும் வருவதாக ஒருமுறை சொன்னபோது, "வேணாங்க, நானே போய்டறேன்" என்று அவசரமாக மறுத்துவிட்டார்.

கொட்டகையில் அவரை யாரும் வெறுப்பதில்லை. ஆனால் நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்துக்கு அவர் வந்தால் பேச்சு கொஞ்சம் சிறுத்துவிடும். பேசுகிறவர்களுக்கே அது தெரியாது. அவருக்குத் தெரியும்.

சென்ற வாரம் ஒரு மத்தியானம், ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த தோல் கட்டுகளுக்கு அந்தப் பக்கம் ரத்தினசாமியும் சுப்பராயனும் இன்னும் இருவரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மக்பூல் இந்தப் பக்கமாக ஒரு கட்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வளைவுக்குப் பத்தடி இருக்கும்போதே நின்றார். தொண்டையைச் செருமினார். பேச்சு நிற்கவில்லை, அவர்களுக்குக் கேட்கவில்லை போலும். கட்டின் பாரம் தோளை அழுத்த, அவர் அங்கேயே நின்று, இன்னும் கொஞ்சம் உரக்க இருமினார். அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. அடங்கிய பிறகும் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, வளைவைத் திரும்பினார்.